வீட்டில் கிடைக்கும் பொருட்களை வைத்துக் கம்ப்யூட்டரைச் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கையில் இருப்பது ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவரும் மேசை இழுப்பறையில் கிடக்கும் சாமான்களும்தான். அவற்றை வைத்துக்கொண்டு எதுவரை போகலாம், எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதற்கான பதில்கள் இவை. டெஸ்க்டாப்பை மனத்தில் வைத்து எழுதியவை. லேப்டாப்புக்கு மட்டும் பொருந்துவதை அங்கங்கே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

வீட்டுப் பொருட்களை வைத்து உண்மையிலேயே பழுது பார்க்க முடியுமா?

மூன்று வேலைகளுக்கு முடியும்: சுத்தம் செய்ய, கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க, ஆட்டம் காணும் பாகத்தைத் தாங்கிப் பிடிக்க. ஒரு பாகத்துக்குப் பதிலாக வீட்டுப் பொருளை நிரந்தரமாக வைப்பதுதான் கூடாது. குறிப்பாக, சூட்டைக் கடத்த வேண்டிய இடத்திலும் மின்சாரம் பாய வேண்டிய இடத்திலும் மாற்று வழி தேடாதீர்கள். ஃபியூஸுக்குப் பதில் அலுமினியத் தாள் சுற்றுவது பழுது பார்ப்பது ஆகாது, தீயை வரவழைப்பது.

ஆறுதலான விஷயம் என்னவென்றால், "உயிரே இல்லை" என்று கைவிடப்படும் பல கம்ப்யூட்டர்களில் எந்தப் பாகமும் செத்திருக்காது. எங்கோ ஒரு இணைப்பு லேசாகக் கழன்றிருக்கும், தூசி அடைத்திருக்கும், அல்லது பவர் பட்டன் போயிருக்கும்.

திறப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. உருவிய பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய போர்டில், மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். ஃபேன் ஒரு கணம் அசைந்து நிற்பதைக்கூடச் சில கேபினெட்களில் பார்க்கலாம்.

அடுத்து, மொபைலில் நாலைந்து படம் எடுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்பது, கழற்றும்போது எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் மாட்டும்போது மறந்துவிடும். ஸ்க்ரூக்களுக்கு அறை அறையாக இருக்கும் மாத்திரைப் பெட்டி நல்லது. அதுவும் இல்லையா, ஒரு தாளில் கேபினெட்டின் படத்தைக் கிறுக்கி, அந்தந்த இடத்தில் ஸ்க்ரூவை செல்லோடேப்பால் ஒட்டுங்கள். இதை அலட்சியப்படுத்தாதீர்கள்: கம்ப்யூட்டருக்குள் பெரும்பாலும் இரண்டு வகை ஸ்க்ரூக்கள் உண்டு. மரை அகலமாக ஓடுவது 6-32 வகை, நெருக்கமாக ஓடுவது எம்3 வகை. தலை பல சமயம் ஒரே மாதிரி இருக்கும். ஒன்றின் துளையில் மற்றொன்றை முறுக்கினால் மரை தேய்ந்து, அந்தத் துளை அதோடு போச்சு.

ஸ்டேட்டிக் மின்சாரத்துக்குக் கைப்பட்டை வேண்டாமா?

இருந்தால் போடுங்கள். உராய்வால் உடம்பில் சேரும் ஸ்டேட்டிக் மின்சாரம் பாகங்களைக் கெடுக்கும், கைப்பட்டை அதை வடித்துவிடும். இல்லாவிட்டால், பெயின்ட் பூசாத கேபினெட் உலோகத்தை வேலைக்கு முன்பும் நடுநடுவேயும் தொட்டுக்கொள்ளுங்கள். கம்பளத்தின் மீதோ மெத்தை மீதோ உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். பாலியெஸ்டர் சட்டையும் வேண்டாம். மரமேசையும் அட்டைப்பெட்டியும் போதும். பளபளப்பான ஆன்டிஸ்டேட்டிக் பையைப் பாகத்தை எடுத்து வைக்க மட்டும் பயன்படுத்துங்கள். அந்தப் பையின் மேல் மதர்போர்டை வைத்து மின்சாரம் கொடுத்தால் ஷார்ட் ஆகலாம், ஏனென்றால் அதன் பரப்பு மின்சாரத்தைக் கடத்தும்.

பவர் பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

சுவரிலிருந்து தொடங்கி உள்ளே வாருங்கள். அதே சாக்கெட்டில் மேசைவிளக்கு எரிகிறதா? மானிட்டரின் பவர் கார்டு பெரும்பாலும் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். மாற்றிப் போட்டுப் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் (சுவர் மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) பின்புறச் சுவிட்ச் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்கிறதா? சுத்தம் செய்தபோது கைபட்டு அது அணைந்திருப்பது சகஜம்.

இதெல்லாம் சரி என்றால் சந்தேகம் பவர் பட்டன் மீது. மதர்போர்டின் கீழ் ஓரத்தில், வழக்கமாக வலது மூலையில், இரண்டு வரிசையாக ஒன்பது பின்கள் நிற்கும். பத்தாவது பின்னின் இடம் காலியாக இருக்கும். கேபினெட்டின் முகப்பிலிருந்து வரும் மெல்லிய வயர்கள் அங்கேதான் மாட்டியிருக்கும். பரவலான அமைப்பில் 6ஆம் பின்னும் 8ஆம் பின்னும் பவர் சுவிட்சுக்கு, 5ஆம் பின்னும் 7ஆம் பின்னும் ரீசெட்டுக்கு. போர்டிலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். பவர் சுவிட்ச் வயரை உருவிவிட்டு, பிளக்கை மாட்டி, ஸ்க்ரூடிரைவரின் நுனியால் அந்த இரண்டு பின்களை மட்டும் ஒரே விநாடி சேர்த்துத் தொடுங்கள். பட்டன் செய்வதும் இவ்வளவுதான். மிகக் குறைந்த மின்னழுத்தம் என்பதால் ஷாக் அடிக்காது. பக்கத்துப் பின்னில் படாமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

ஓட ஆரம்பித்தால் பட்டன்தான் குற்றவாளி. புதுப் பட்டன் தேடி அலைய வேண்டாம். ரீசெட் பட்டனின் வயரை எடுத்துப் பவர் பின்களில் செருகிவிடுங்கள். இரண்டும் ஒரே வகைச் சுவிட்ச், திசை மாற்றிச் செருகினாலும் பாதகமில்லை. இனி ரீசெட்டை அழுத்தினால் கம்ப்யூட்டர் எழும்பும். தற்காலிக ஏற்பாடு என்று ஆரம்பித்துக் கடைசிவரை அப்படியே ஓடும் ஏற்பாடுகளில் இது ஒன்று.

பேப்பர் கிளிப்பால் எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிப்பது எப்படி? ஆபத்து இல்லையா?

வரிசை தவறாமல் செய்தால் ஆபத்து இல்லை.

1. பிளக்கை உருவுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் எல்லாவற்றுக்கும் போகும் வயர்களைக் கழற்றுங்கள்.
2. ஒரு கேபினெட் ஃபேனையோ பழைய டிவிடி டிரைவையோ மட்டும் அதில் மாட்டுங்கள். சுமை எதுவும் இல்லாவிட்டால் சில எஸ்எம்பிஎஸ்கள் ஓடாது. இன்னும் சில, சூடு ஏறும்வரை தம் சொந்த ஃபேனைச் சுற்றவே சுற்றாது. சுற்றாததைப் பார்த்துச் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம்.
3. பிளாஸ்டிக் உறை போட்ட பேப்பர் கிளிப்பை யு வடிவில் வளைத்து, இரு நுனியிலும் உறையைச் சுரண்டுங்கள். 24 பின் கனெக்டரில் பச்சை வயர் போகும் துளையில் ஒரு நுனி, அதை ஒட்டிய கறுப்பு வயரின் துளையில் மறு நுனி. பச்சை 16ஆம் பின்; அதன் இருபுறமும் உள்ள 15, 17 இரண்டுமே கறுப்பு.
4. கையை எடுத்துவிட்டு, பிறகு பிளக்கை மாட்டிச் சுவிட்சைப் போடுங்கள்.

எல்லா வயரும் கறுப்பாகவே வரும் எஸ்எம்பிஎஸ்களில் நிறத்தை நம்ப முடியாது. பின் எண்ணை உறுதியாக அடையாளம் காண முடியவில்லை என்றால் இந்தச் சோதனையை விட்டுவிடுங்கள்.

ஃபேன் சுற்றினால், எஸ்எம்பிஎஸ் கிளம்புகிறது என்று மட்டும்தான் அர்த்தம். ஆரோக்கியமாக இருக்கிறது என்பதற்கு வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர்தான் சாட்சி. மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.46 வரை இருக்கலாம். ஊதா வயரில், கிளிப் இல்லாமலே, பிளக் மாட்டியிருந்தாலே 5 வோல்ட் வர வேண்டும். அந்த ஊதா செத்திருந்தால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் எழும்பாது. சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டிவிட்டு, கேம் திறந்ததும் சரியும் எஸ்எம்பிஎஸ்களும் உண்டு. அவற்றைக் கிளிப் சோதனை காட்டிக்கொடுக்காது.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து உள்ளே தூசி தட்டலாமா?

கூடாது. 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பிளக்கை உருவிய பிறகும். வெளியிலிருந்து பிரஷ்ஷால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு.

முதலில் பார்க்க வேண்டியது கேபிள் எதில் மாட்டியிருக்கிறது என்று. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் எச்டிஎம்ஐ கேபிள் அதில்தான் போக வேண்டும், மேலே மதர்போர்டில் இருக்கும் துளையில் அல்ல. மானிட்டர் மீது சந்தேகமா? டிவியில் மாட்டிப் பாருங்கள். டிவி இல்லாவிட்டால், அறை விளக்கை அணைத்துவிட்டு மொபைல் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் கம்ப்யூட்டர் நலம். போனது மானிட்டரின் பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் விளக்கு. லேப்டாப்புக்கும் இதே சோதனை செல்லும்.

மானிட்டரும் நலம் என்றால் ரேமுக்கு (மதர்போர்டில் நட்டு வைத்திருக்கும் நீளமான நினைவக அட்டை) வாருங்கள். ரேமைக் கழற்றி அதே இடத்தில் மறுபடி அழுத்தி மாட்டினாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும். காரணம், அதன் அடிவிளிம்பில் இருக்கும் தங்கமுலாம் பட்டைகளில் படியும் மெல்லிய அழுக்குப் படலம். மாட்டும்போது அது உரசி விலகுகிறது.

அப்படியும் வரவில்லையா, பள்ளிக்கூட ரப்பர் போதும். வெள்ளை நிற மென்மையான ரப்பராக இருக்கட்டும். மண் கலந்தது போல் சொரசொரப்பான மை ரப்பர் முலாமையே தின்றுவிடும். பென்சில் கறை படிந்த முனையையும் பயன்படுத்தாதீர்கள். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும். பிளேடால் ஒரு சீவு சீவிப் புது முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரேமின் ஓரங்களைப் பிடித்து மேசையில் படுக்க வைத்து, பட்டையின் மேலிருந்து விளிம்பை நோக்கி ஒரே திசையில் மூன்று நான்கு இழுப்பு. முன்னும் பின்னும் தேய்க்க வேண்டாம். திருப்பிப் போட்டு மறுபக்கமும் அதே. உதிர்ந்த துகளை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்; ஒரு துகள் ஸ்லாட்டுக்குள் போனாலும் புதுக் கோளாறு.

மாட்டும்போது ஒரே ஒரு ரேமை மட்டும் மாட்டுங்கள். நான்கு ஸ்லாட் இருந்தால் வழக்கமாகப் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட். அடிப்பகுதியின் வெட்டு ஸ்லாட்டின் முட்டுக்கு நேராக வர வேண்டும். இரு முனையையும் கட்டைவிரலால் அழுத்தினால் 'டிக்' என்று பூட்டும். பயப்படும் அளவுக்கு அழுத்தம் தேவைப்படும், அது இயல்பு. ஒவ்வொரு ரேமாக, ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பார்த்தால் பழுது ரேமிலா ஸ்லாட்டிலா என்று தெரிந்துவிடும்.

டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் உள்ள கம்ப்யூட்டர் என்றால் பொறுமை வேண்டும். ரேமை மாற்றிய பிறகு முதல்முறை ஓடும்போது அது தன்னைத்தானே பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். நடுவில் அணைத்து அணைத்துப் போட்டால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து தொடங்கும்.

ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் பழைய காலத்துக்குப் போய்விடுகிறது.

மதர்போர்டில் உள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும், 2.8க்குக் கீழே போனால் மாற்றிவிடலாம். எடை பார்க்கும் மெஷின், கார் ரிமோட் போன்றவற்றில் இதே எண் இருந்தால் அதைக் கடன் வாங்கிச் சோதிக்கலாம். சிஆர்2025 விட்டத்தில் பொருந்தும், ஆனால் தடிமன் குறைவு என்பதால் தொடர்பு விட்டுவிட்டுப் போகும். அதற்கடியில் காகிதம் மடித்து வைக்கும் வேலை வேண்டாம்.

சூடேறித் தானாக அணைந்துவிடுகிறது. என்ன செய்வது?

அநேகமாகத் தூசிதான். பிராசஸர் ஃபேனுக்கு அடியில், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின் மேல், போர்வை மாதிரி ஒரு படலம் படிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் ஃபேன் சுத்தமாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். ஃபேனைக் கழற்றினால்தான் அடியில் இருப்பது தெரியும். அரை அங்குலப் பெயின்ட் பிரஷ்ஷால் தளர்த்தி, ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஊதித் தள்ளுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கைக்குள் ஒரு காது குடையும் பஞ்சுக்குச்சியைச் செருகி வையுங்கள்; காற்றில் கட்டுக்கடங்காமல் சுற்றினால் பேரிங் கெடும். வேக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் முனை ஸ்டேட்டிக்கை உண்டாக்கும், போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

தூசி போயும் சூடு குறையாவிட்டால், பிராசஸரிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். ஹீட்சிங்கைக் கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரை ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள், பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, பிளக்கை உருவி, ஹீட்சிங்கை நேராக இழுக்காமல் இடவலமாகத் திருகி எடுங்கள். ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 வகைப் பிராசஸரில் நேராக இழுத்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து ஒட்டிக்கொண்டே பிடுங்கி வரலாம், பின்கள் வளையலாம்.

பழைய பேஸ்ட்டைத் துடைக்க 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் நூல் விடாத காபி வடிகட்டித் தாளும் நல்ல ஜோடி. கைக்குப் போடும் சானிடைசர் ஜெல்லில் பிசுபிசுப்புக்காக வேறு பொருட்கள் சேர்த்திருப்பார்கள், அது படிந்து நிற்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் அசிட்டோன் இருந்தால் பிளாஸ்டிக்கை அரிக்கும். புது பேஸ்ட் பிராசஸரின் நடுவில் நாலைந்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பொட்டு. விரலால் தடவ வேண்டாம், ஹீட்சிங்கின் அழுத்தமே பரப்பிக்கொள்ளும். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

பேஸ்ட் இல்லை. பற்பசை போடலாமா?

முதல் நாள் வேலை செய்யும், அதனால்தான் இந்த யோசனை இன்னும் உயிரோடு இருக்கிறது. பற்பசையில் உள்ள தண்ணீர்தான் அந்த நேரத்துக்கு இடைவெளியை நிரப்பிச் சூட்டைக் கடத்துகிறது. பிராசஸர் சூட்டில் அது சில நாளிலேயே காய்ந்து வெடித்துச் சுண்ணாம்பாகிவிடும். அப்புறம் ஒன்றும் போடாததைவிட மோசம். பேஸ்ட் கிடைக்கும்வரை கம்ப்யூட்டரை ஓட்டாமல் இருப்பதே மலிவான வழி.

ஃபேன் கரகரவென்று சத்தம் போடுகிறது.

நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். ரப்பர் மூடியோ நேரடியாக அச்சோ தெரிந்தால் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு, கையால் சுற்றி, துடைத்துவிட்டு ஒட்டுங்கள். எண்ணெய் படிந்த ஸ்டிக்கர் மறுபடி ஒட்டாது, செல்லோடேப் போடலாம். சமையல் எண்ணெய் சில வாரத்தில் பிசினாகி ஃபேனையே நிறுத்தும். இந்தச் சொட்டு சில மாதம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் புது ஃபேன் வாங்கிவிடுங்கள்.

லேப்டாப் கீபோர்டில் தண்ணீர் கொட்டிவிட்டது. அரிசிக்குள் புதைக்கலாமா?

வேண்டாம். அரிசி உள்ளே இருக்கும் ஈரத்தை இழுக்காது, மாவுத்தூளைத்தான் போர்ட்டுகளுக்குள் விடும். முதல் நிமிடம்தான் முக்கியம்: பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றுங்கள். திரையைத் திறந்து, கீபோர்டு தரையைப் பார்க்கும்படி மேசை விளிம்பில் கூடாரம் போலக் கவிழ்த்து, அடியில் துணி விரியுங்கள். மேசை ஃபேன் காற்றில் 48 மணி நேரம் கிடக்கட்டும். ஹேர் டிரையரின் சூட்டுக்காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும்.

கொட்டியது வெறும் தண்ணீர் என்றால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. சர்க்கரை போட்ட பானம் என்றால் காய்ந்த பிறகும் பிசின் நின்று போர்டை அரிக்கும். பிரித்து ஆல்கஹாலால் கழுவ வேண்டியதுதான்.

பிராசஸரின் பின் வளைந்துவிட்டது.

பின்கள் பிராசஸரில் இருக்கும் வகை என்றால் நம்பிக்கை உண்டு. லெட் இல்லாத 0.7 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சிலின் குழல்முனை ஒரு பின்மேல் அழகாக இறங்கும், மெதுவாக நிமிர்த்தலாம். ஒரு வரிசையே சாய்ந்திருந்தால் பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பை வரிசைகளுக்கு இடையே விட்டு நகர்த்துங்கள். ஒரே மூச்சில் நேராக்க நினைத்தால் ஒடியும். பின்கள் மதர்போர்டின் சாக்கெட்டில் இருக்கும் வகை தலைமுடி போன்றது, இரு திசையில் வளைந்தது. கை நடுங்காதவருக்கும் பூதக்கண்ணாடி வேண்டும்.

ஸ்க்ரூவின் தலை தேய்ந்துவிட்டது.

அகலமான ரப்பர் பேண்டைத் தலைமேல் விரித்து, அதன் மேல் ஸ்க்ரூடிரைவரை அழுத்தித் திருப்புங்கள்.

ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்கிறது. ஃபிரீசரில் வைத்தால் ஓடுமாமே?

பழைய காலத்து டிஸ்க் சிலவற்றில் ஒட்டிக்கொண்ட பாகம் சுருங்கி விடுபட்ட கதை அது. வெளியே எடுத்ததும் ஈரம் பனித்து, தகவல் பதிந்திருக்கும் தட்டின் மேல் துளி நிற்கலாம். தகவலைப் படிக்கும் தலைப்பகுதி அதில் மோதினால் தகவல் போயே போச்சு. சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் சேதம் கூடும். தேவையான ஃபைல் உள்ளே இருந்தால் தகவல் மீட்பவர்களிடம் கொடுங்கள்.

சத்தம் இல்லை, டிஸ்க் தெரியவில்லை என்பது வேறு கதை. டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றி, வேறு போர்ட்டில் போடுங்கள். பலமுறை கழற்றி மாட்டிய சாட்டா கேபிள் தளர்ந்துவிடும்.

கிராபிக்ஸ் கார்டை ஓவனில் சுட்டால் உயிர் வருமா?

சில வாரம் வரலாம், அப்புறம் மறுபடி போகும். உள்ளே உருகும் பிளாஸ்டிக்கின் புகை, சமைக்கும் ஓவனில் தங்கும். கார்டு எடை தாங்காமல் தொங்கி இணைப்பு விடுவதுதான் பிரச்சினை என்றால், பிளாஸ்டிக் கட்டையோ சரியான உயரத்துக்கு வெட்டிய மரப் பென்சிலோ அடியில் முட்டுக் கொடுங்கள். ஃபேனில் உரசாத இடமாக, உலோகம் இல்லாததாக இருக்கட்டும்.

லேப்டாப்பின் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருகிறது.

பேட்டரி உப்பியிருக்கிறது. அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அணைத்து, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, பேட்டரியைச் சேகரிக்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

எல்லாம் சுத்தம் செய்து மாட்டினேன். முன்பு ஓடிய அளவுக்குக்கூட இப்போது ஓடவில்லை.

பிராசஸருக்கு அருகே மேல் மூலையில் 4 அல்லது 8 பின் பவர் வயர் ஒன்று தனியாக மாட்ட வேண்டும். அதிகம் மறந்துபோவது இதுதான். அடுத்து, கழன்று விழுந்த ஸ்க்ரூ மதர்போர்டுக்கு அடியில் உருண்டிருக்கிறதா என்று கேபினெட்டைச் சாய்த்து ஆட்டிக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் மதர்போர்டை வெளியே எடுத்து, அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசஸர், அதன் ஃபேன், ஒரு ரேம் இவற்றை மட்டும் மாட்டி, ஸ்க்ரூடிரைவரால் பின்களைத் தொட்டுக் கிளப்புங்கள். பிராசஸரில் உள்கிராபிக்ஸ் இல்லையென்றால் கார்டும் வேண்டும். அட்டைமேல் ஓடி, கேபினெட்டுக்குள் ஓடாவிட்டால், போர்டின் அடிப்புறம் எங்கோ உலோகத்தில் படுகிறது. மதர்போர்டைத் தாங்கும் பித்தளைத் தாங்கிகளில் ஒன்று, போர்டில் துளை இல்லாத இடத்துக்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள்.